புல்பப் ரைஃபிள் ஏன் சிதறிச் சுடுது? 300 டாலர் ட்ரிக்கர் வாங்குறதுக்கு முன்னாடி

இந்த வாரம் எடுத்துக்கிட்டது ஒரு நேயரோட வாய்ஸ் நோட். ஹூஸ்டன்ல வேலை பார்க்கிறவர், பெயர் வேண்டாம்னு சொல்லியிருக்கார். அவர் சொன்னதைச் சுருக்கமா சொல்றேன்: "ப்ரோ, என்கிட்ட டவோர் எக்ஸ்95 இருக்கு. வீக்எண்ட்ல ரேஞ்சுக்குப் போய் 100 கஜத்துல சுடுறேன். பக்கத்துல என் ஃபிரெண்ட் ஏஆர்-15ல மூணு தோட்டாவை ஒண்ணரை அங்குலத்துக்குள்ள வைக்கிறான். நான் பத்து தோட்டா சுட்டா நாலு அங்குலத்துக்குப் பரவுது. ட்ரிக்கர், பேரல், மஸில் பிரேக், ஸ்கோப்னு 1,500 டாலருக்கு லிஸ்ட் போட்டு வச்சிருக்கேன். எதை முதல்ல வாங்கட்டும்?"

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இந்தியாவுல இந்த மாதிரி செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்கு நம்மள மாதிரி ஆளுங்களுக்கு லைசென்ஸ் கிடைக்காது. நானே சுட்டது சென்னையில ஒரு ரேஞ்சுல 10 மீட்டர் ஏர் ரைஃபிள் மட்டும்தான். ஆனா மெக்கானிக்கல் படிச்சவனுக்கு இந்தக் கேள்வியை அப்படியே விட மனசு வரலை. பப்ஜி ஆடினவங்களுக்கும் புல்பப் புதுசு இல்ல. ஏயுஜி, க்ரோசா, க்யூபிஇசட், மூணுமே அந்த ஜாதிதான். டவோரை நம்ம ராணுவத்தோட சிறப்புப் படைகள் கையில போட்டோவுல பார்த்திருப்பீங்க.

சரி, புல்பப்னா என்ன? சாதாரண ரைஃபிள்ல தோட்டா வெடிக்கிற இடம், மேகசின், எல்லாமே ட்ரிக்கருக்கு முன்னாடி இருக்கும். அதுக்குப் பின்னாடி தோள்ல வைக்கிற கட்டை, பெரும்பாலும் வெறும் கட்டை. புல்பப்ல அந்தக் கட்டைக்குள்ளயே மொத்த இயந்திரத்தையும் தள்ளிடறாங்க. மேகசின் உங்க கைக்குப் பின்னாடி போயிடும், தோட்டா வெடிக்கிறது கன்னத்துக்குப் பக்கத்துல. லாபம் நீளத்துல. எக்ஸ்95ல பேரல் மட்டும் 16.5 அங்குலம், மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். அதே அளவு பேரல் இருக்கிற ஏஆர் இதைவிட ஏறக்குறைய முக்கால் அடி நீளமா இருக்கும். வண்டிக்குள்ள ஏறி இறங்குற, வீடு வீடா நுழையுற சிப்பாய்க்கு அந்த முக்கால் அடி பெரிய விஷயம்.

அந்த லாபத்துக்கு விலை ட்ரிக்கர்ல.

நம்ம ஊர் ஆட்டோவை நினைச்சுக்கோங்க. இன்ஜின் பின்னாடி, கியரும் கிளட்ச்சும் முன்னாடி ஹேண்டில்ல. நடுவுல நீளமா கேபிள். கேபிள் கொஞ்சம் தளர்ந்தாலும் கியர் எப்ப விழுந்துச்சுன்னே கைக்குத் தெரியாது. 'விழுந்திருக்கும்'னு நம்பி கிளட்ச்சை விடுவார் டிரைவர். புல்பப்லயும் இதே கதை. உங்க விரல் முன்னாடி, சுத்தியல் பின்னாடி தோள் பக்கத்துல. நடுவுல ஒரு நீளமான கம்பியோ பட்டையோ ஓடுது. அது உராயும், லேசா வளையும். விரல் அழுத்துற விசையில ஒரு பங்கு அங்கேயே கரையுது. கடைசியில சுத்தியல் எந்த நொடியில விடுபடும்னு விரலுக்குத் தெளிவா தெரியாது. அமெரிக்கால 2013ல வந்த முதல் டவோர், அதாவது எஸ்ஏஆர் மாடல், ட்ரிக்கருக்கு 10 பவுண்டுக்கு மேல விசை கேட்டுச்சு. அந்த ரைஃபிளோட எடையே 7.9 பவுண்டுதான்! துப்பாக்கியைத் தூக்குறதைவிட அதிக பலத்தோட ஒத்தை விரலால அழுத்தணும், அதே சமயம் துப்பாக்கி ஆடவும் கூடாது.

ஆடினா என்ன ஆகும்? ஒரு சின்னக் கணக்கு. தோள்ல இருந்து குழல் நுனி வரைக்கும் சுமார் 66 சென்டிமீட்டர். சுடுற நேரத்துல நுனி வெறும் 0.1 மில்லிமீட்டர், ஒரு தலைமுடி தடிமன், நகர்ந்தா 100 மீட்டர் தூரத்துல தோட்டா ஒண்ணரை சென்டிமீட்டர் தள்ளிப் படும். நான் சுட்ட ஏர் ரைஃபிள்ல ட்ரிக்கருக்கு ஒரு சில பத்து கிராம் விசைதான், தொட்டாலே போதும். அதுலயே என் முதல் பத்து குண்டும் ஊர்வலம் போன மாதிரி இருந்துச்சு. நாலரை கிலோ ட்ரிக்கரை என்னால கற்பனைகூட பண்ண முடியலை.

அப்போ ட்ரிக்கரை மாத்திட்டா முடிஞ்சுதேன்னு தோணும். இங்கதான் ஹூஸ்டன்காரர் கொஞ்சம் நிதானிக்கணும். டவோர்ல ட்ரிக்கர் பேக்னு ஒரு முழுப் பெட்டி இருக்கு. ரெண்டு பின்னைத் தள்ளினா கையோட வந்துடும், புதுசை வச்சு பின்னை மாட்டினா வேலை முடிஞ்சுது. கைஸ்லி, டிம்னி மாதிரி கம்பெனிகள் இதுக்குன்னே பேக் விக்கிறாங்க, 300 டாலருக்கு மேல. கைஸ்லியோட சூப்பர் சாப்ரா பத்தி நெட்ல "வேற துப்பாக்கி மாதிரி ஆயிடுச்சு"ன்னு புகழ்மாலை ஏகப்பட்டது கிடைக்கும். அதுல நிறைய எஸ்ஏஆர் வச்சிருந்தவங்க எழுதினது. பத்து பவுண்டுல இருந்து இறங்கினவங்களுக்கு அப்படித்தான் தோணும். எக்ஸ்95 வந்தப்ப ஐடபிள்யூஐ கம்பெனியே ட்ரிக்கரைத் திருத்தி 5, 6 பவுண்டுக்குக் கொண்டுவந்துட்டாங்க. நம்ம நேயர்கிட்ட இருக்கிறது அதுதான். அதனால அதே 300 டாலருக்கு அவருக்குக் கிடைக்கிற மாற்றம், அந்தப் பழைய ரிவ்யூக்கள் சொல்ற அளவுக்கு இருக்காது. இருக்கும், ஆனா சின்னது.

இன்னொரு விஷயம், அழுத்திச் சொல்றேன். நல்ல ட்ரிக்கர் துப்பாக்கியோட துல்லியத்தைக் கூட்டுறதில்ல. துப்பாக்கிக்கு ஏற்கனவே இருக்கிற துல்லியத்தை உங்க கையால கெடுக்காம பார்த்துக்குது. ரெண்டும் ஒண்ணுதானேன்னு கேக்கலாம். இல்ல. பேரலும் தோட்டாவும் சேர்ந்து மூணு அங்குலத்துக்குச் சிதறுதுன்னா, உலகத்திலேயே சிறந்த ட்ரிக்கர் போட்டாலும் அந்த மூணு அங்குலம் மூணு அங்குலம்தான்.

புல்பப்னாலே துல்லியம் கிடையாதுங்கிற பேச்சும் தப்பு. பிரிட்டிஷ் ராணுவத்தோட எல்85 நல்ல உதாரணம். 1985ல வந்த அந்த புல்பப் ஊர் சிரிச்ச துப்பாக்கி. மணல்ல சிக்கும், மேகசின் கழண்டு விழும். கடைசியில ஜெர்மனியோட ஹெக்லர் அண்ட் கோக் கம்பெனிகிட்ட கொடுத்து, சுமார் 2 லட்சம் துப்பாக்கியை 9.2 கோடி பவுண்டு செலவுல திருத்தினாங்க. ஆனா அத்தனை திட்டு வாங்கின காலத்துலகூட அதோட துல்லியத்தைப் பெருசா யாரும் குறை சொல்லலை. காரணத்துல ஒண்ணு, 4 மடங்கு பெருசாக்கிக் காட்டுற சுசாட் சைட்டை சாதாரண காலாட்படை வீரனுக்கே கொடுத்திருந்தாங்க. சைட்டைப் பத்திக் கொஞ்ச நேரத்துல வரேன்.

அதுக்கு முன்னாடி, அந்த ஒண்ணரை அங்குலத்தையும் நாலு அங்குலத்தையும் பிரிச்சுப் பார்க்கணும். இந்த எபிசோட்ல எனக்குப் பிடிச்ச இடம் இதுதான்.

ஃபிரெண்ட் சுட்டது மூணு தோட்டா. நம்மாளு சுட்டது பத்து. குரூப்போட அளவை எப்படி எடுக்கிறாங்க? ஒண்ணுக்கொண்ணு ரொம்பத் தள்ளி விழுந்த ரெண்டு ஓட்டைக்கு நடுவுல உள்ள தூரம். அப்போ தோட்டா எண்ணிக்கை கூடக்கூட அந்தத் தூரம் பெருகத்தான் செய்யும், குறையவே முடியாது. துப்பாக்கி மாறலை, சுடுறவர் மாறலை, எண்ணிக்கை மட்டும்தான் மாறுது. புள்ளியியல் கணக்குப்படி, மூணு தோட்டாவுல சராசரியா ஒண்ணரை அங்குலம் வைக்கிற துப்பாக்கி, அஞ்சு தோட்டாவுல சராசரியா 1.9 அங்குலம் காட்டும், பத்துல 2.4 அங்குலம் காட்டும். ஆக, ரெண்டு பேருக்கும் நடுவுல ரெண்டரை அங்குல வித்தியாசம்னு நினைச்சது நிஜத்துல 1.6 அங்குலம்தான். அதுவும் ஃபிரெண்ட் சொன்னது சராசரின்னு வச்சுக்கிட்டா. போன்ல போட்டோ எடுத்து வச்சிருக்கிறது எப்பவுமே அன்னைக்கு அமைஞ்ச நல்ல குரூப்பாத்தான் இருக்கும். சுமாரா போனதை யாரும் வாட்ஸ்அப்ல போடுறதில்ல.

இதுல காசும் மாட்டுது. ஒருத்தர் பழைய ட்ரிக்கர்ல மூணு தோட்டா சுடுறார், ரெண்டரை அங்குலம். புது ட்ரிக்கர் மாட்டி மூணு தோட்டா, ஒண்ணரை அங்குலம். "ஒரு அங்குலம் குறைஞ்சிருச்சு"ன்னு வீடியோ போடுறார். மூணு தோட்டா குரூப் தானாகவே ஒண்ணரைக்கும் ரெண்டரைக்கும் நடுவுல ஆடக்கூடியது. எதையும் மாத்தாம ரெண்டு தடவை சுட்டாலே இந்த வித்தியாசம் வரலாம். குறைஞ்சது பத்து தோட்டா, முடிஞ்சா அதையே மூணு தடவை. அப்பதான் ஏதாவது தெரியும்.

இப்போ தோட்டாவுக்கு வருவோம். நம்ம நேயர் லிஸ்ட்ல இது இல்லவே இல்ல, ஆனா நான் முதல்ல வைப்பேன். அவர் சுடுறது 55 கிரெய்ன் எடையுள்ள சாதாரண பயிற்சித் தோட்டா, பெட்டி பெட்டியா மலிவா கிடைக்கிறது. எக்ஸ்95 பேரலுக்குள்ள இருக்கிற சுருள் வரி 7 அங்குலத்துக்கு ஒரு முழுச் சுத்து. குழலை விட்டு வெளிய வர்றப்ப தோட்டா நிமிஷத்துக்கு ஏறக்குறைய 3 லட்சம் சுத்து சுத்துது. அந்த வேகத்துல, தோட்டாவோட செம்பு உறை ஒரு பக்கம் கொஞ்சம் தடிமனா இருந்தாகூட அது பம்பரம் மாதிரி ஆட ஆரம்பிச்சிடும். பம்பரத்துல ஆணி ஒரு நூல் தள்ளி அடிச்சிருந்தா எப்படி உதறும்? அதேதான். மலிவுத் தோட்டாவுல இந்தச் சமச்சீர் எதிர்பார்க்க முடியாது. போட்டிக்குன்னு செய்யுற தோட்டாவுல, உதாரணத்துக்கு சியரா மேட்ச்கிங் 77 கிரெய்ன், ஒவ்வொண்ணும் ஒரே அச்சா இருக்கிற மாதிரி செஞ்சிருப்பாங்க. அமெரிக்க ராணுவத்தோட எம்கே 262 தோட்டாவுலயும் இருக்கிறது 77 கிரெய்ன் குண்டுதான். இந்த நீளமான, கனமான குண்டை நிலையா பறக்க வைக்க இந்த மாதிரி வேகமான சுத்து தேவைப்படுது. அதாவது அந்தப் பேரல் இந்த மாதிரி தோட்டாவுக்குத் தோதானது, நம்மாளு அதை ஒரு தடவைகூட ஊட்டிப் பார்க்கலை.

விலை அதிகம்தான், ஒரு தோட்டா ஒரு டாலரைத் தாண்டும். எப்பவும் அதையே சுடச் சொல்லலை. முப்பது தோட்டா போதும், உங்க துப்பாக்கியோட உண்மையான எல்லை எதுன்னு தெரிஞ்சுக்க. அந்த முப்பதுல பத்துப் பத்தா மூணு குரூப். ரெண்டு, ரெண்டரை அங்குலத்துக்கு வந்துடுச்சுன்னா பேரல்ல பிரச்சினை இல்ல, பேரல் மாத்துற காசு மிச்சம்.

சைட்டு. அவர் வச்சிருக்கிறது ரெட் டாட், பெருசாக்கிக் காட்டாத வகை. அந்தச் சிவப்புப் புள்ளியோட அளவு 2 எம்ஓஏ. 1 எம்ஓஏன்னா 100 கஜத்துல ஒரு அங்குலத்துக்கு ஒரு மயிரிழை அதிகம், 100 மீட்டர்ல 2.9 சென்டிமீட்டர். அப்போ அந்தப் புள்ளியே இலக்குல ரெண்டு அங்குல வட்டத்தை மறைச்சுக்கிட்டு நிக்குது. அதுக்குப் பின்னாடி எந்த இடத்தைக் குறி பார்க்கிறோம்னு கண்ணுக்கே தெரியாதப்ப துப்பாக்கியை எப்படிக் குறை சொல்றது? வாங்கணும்கிறதில்ல, யாராவது ஃபிரெண்ட்கிட்ட 1-6 ஸ்கோப் ஒரு நாள் கடன் வாங்கி மாட்டினாலே போதும். மாட்டும்போது மவுண்ட் ஸ்க்ரூவை கம்பெனி சொன்ன டார்க் அளவுக்கு டார்க் ரெஞ்ச் வச்சு முறுக்கணும். திடீர்னு நாலு அங்குலம் சிதற ஆரம்பிச்சா நான் முதல்ல சந்தேகப்படுறது தளர்ந்த ஸ்க்ரூவைத்தான். அஞ்சு நிமிஷ வேலை, செலவு சைபர்.

ஒரு சின்னக் குழப்பத்தையும் இங்கயே தீர்த்துடலாம். குறி தள்ளிப் போறது வேற, சிதறுறது வேற. பத்து ஓட்டையும் ஒரே கொத்தா மூணு அங்குலம் இடது பக்கம் இருந்தா அது சைட்டைத் திருகினா சரியாகும். புல்பப்ல கட்டை நேரா இருக்கிறதால சைட்டு பேரலுக்கு மேல நல்ல உயரத்துல உக்காந்திருக்கும். அதனால பத்து கஜத்துல சுட்டா அந்த உயரம் அளவுக்குக் கீழ படும். இது எதுவுமே துல்லியக் குறை இல்ல.

மேசையில வச்சுச் சுடுறதுலயும் புல்பப்புக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. மேகசின் பின்னாடி இருக்கிறதால, 30 தோட்டா மேகசின் போட்டா அது மேசையில முட்டும், பின்பக்க மணல் பையை வைக்க இடம் இருக்காது. ஏஆர்காரர் ரெண்டு பையில அழகா சாய்ச்சு வச்சிருப்பார், இவர் முழங்கையை அந்தரத்துல தொங்கவிட்டுச் சுடுவார். 10 தோட்டா மேகசின் ஒண்ணு வாங்கினா இது பாதி தீரும். முன்பக்கப் பையை ஒவ்வொரு தடவையும் முன்கைப்பிடியில அதே இடத்துல தாங்கணும். ஏயுஜி வச்சிருக்கிறவங்களுக்கு இது இன்னும் முக்கியம். அதுல முன்னாடி இருக்கிற செங்குத்துப் பிடி நேரா பேரல் மேலயே பொருந்தியிருக்கு. அதைப் பிடிச்சு இழுத்தா பேரலையே இழுக்கிறீங்கன்னு அர்த்தம். சூடும் கணக்குல சேரும். பத்து தோட்டாவையும் படபடன்னு சுட்டுட்டு பேரலைத் திட்டக் கூடாது, நடுவுல ஆற விடணும்.

மஸில் பிரேக்? லிஸ்ட்ல இருந்து அடிச்சிடுங்க. அது உதையைக் குறைக்கும், குரூப்பைக் குறைக்கணும்னு கட்டாயம் இல்ல. புல்பப்ல குழல் நுனி முகத்துக்கு ஏற்கனவே கிட்ட இருக்கு. பிரேக் போட்டா சத்தமும் காத்தும் இன்னும் மூஞ்சியை நோக்கித் திரும்பும். அடுத்த தடவை சுடுறப்ப கண்ணு தானா சிமிட்டும். 5.56க்கு உதையே குறைச்சல்தான்.

இப்போ நான் கொஞ்சம் பயப்படுற விஷயம். 300 டாலர் எதுக்கு, ஸ்பிரிங்கை வெட்டியோ ஒண்ணைக் கழட்டியோ ட்ரிக்கரை லேசாக்கலாம்னு சொல்ற வீடியோக்கள் இருக்கு. செய்யாதீங்க. அந்த ஸ்பிரிங்தான் சுத்தியலைப் பிடிச்சு வச்சிருக்கிற கொக்கியை அதோட இடத்துல நிக்க வைக்குது. அது பலவீனமானா துப்பாக்கி கீழ விழுந்தாலோ தட்டினாலோ தானா வெடிக்கலாம். புல்பப்ல அந்த வெடிப்பு நடக்கிறது உங்க கன்னத்துக்குக் கீழ. சுத்தியல் ஸ்பிரிங்கை வெட்டினா இன்னொரு பிரச்சினை, அடி பத்தாம தோட்டா வெடிக்காது. வெடிக்காத தோட்டாவோட துப்பாக்கியைக் கையில வச்சுக்கிட்டு ரேஞ்சுல நிக்கிறது யாருக்கும் நல்ல நேரம் இல்ல. மாத்துறதுன்னா முழு பேக்கையும் மாத்துங்க, இல்லன்னா கம்பெனி கொடுத்ததோட இருங்க.

அமெரிக்காவுல இருக்கிறவங்களுக்குச் சட்டமும் ஒண்ணு இருக்கு. இந்த மாதிரி ரைஃபிள்ல, அரசு பட்டியல் போட்டிருக்கிற பாகங்கள்ல பத்துக்கு மேல வெளிநாட்டுப் பாகம் இருக்கக் கூடாது. 922(ஆர்)னு சொல்லுவாங்க. உள்ளூர்ல செஞ்ச பாகத்தைக் கழட்டிட்டு ஆசையா இஸ்ரேல் ஒரிஜினலை மாட்டினா, தெரியாமலே அந்தக் கணக்கைத் தாண்டிடலாம். வாங்குறதுக்கு முன்னாடி எண்ணிப் பாருங்க.

ஆக, ஹூஸ்டன் அண்ணா, உங்க 1,500 டாலர் லிஸ்டை அப்படியே ஓரமா வைங்க. முதல்ல ஸ்க்ரூ. அப்புறம் கடன் ஸ்கோப், 10 தோட்டா மேகசின், முப்பது 77 கிரெய்ன் தோட்டா. கூடவே ஒரு வாரம் வீட்டுல டிரை ஃபயர். தோட்டா எதுவும் அந்த அறையிலயே இருக்கக் கூடாது. சேம்பரைக் கண்ணால ஒரு தடவை, விரலால ஒரு தடவை பார்த்துட்டு ஆரம்பிங்க, ஏன்னா புல்பப்ல அது கன்னத்துக்குக் கீழ மறைஞ்சு இருக்கும். ஸ்கோப் வழியா பார்த்துக்கிட்டே ட்ரிக்கரை அழுத்துங்க. சுத்தியல் விழுற நொடியில குறுக்குக் கோடு துள்ளுதா? துள்ளலைன்னா உங்க விரல் அந்த 5, 6 பவுண்டை ஏற்கனவே சமாளிக்குது, கைஸ்லிக்கு அவசரம் இல்ல. ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கமா துள்ளினா, ரெண்டு வாரம் பழகியும் அது அடங்கலைன்னா, அப்போ ட்ரிக்கர் பேக் வாங்குங்க. அந்த 300 டாலருக்கு அர்த்தம் இருக்கு. பேரலைப் பத்தி யோசிக்கிறது இது எல்லாத்துக்கும் அப்புறம், அந்த முப்பது தோட்டாவும் நாலு அங்குலத்துலயே நின்னா மட்டும்.

மூணு குரூப்பையும் ஸ்கேல் பக்கத்துல வச்சு போட்டோ எடுத்து அனுப்புங்க. நல்லா வந்தது மட்டும் இல்ல, மூணுமே. ஃபிரெண்டையும் அதே மேசையில பத்து தோட்டா சுடச் சொல்லி அதையும் சேர்த்து அனுப்பினீங்கன்னா, அடுத்த மாசம் கேள்வி பதில் எபிசோட்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்துடலாம்.